நாலு பாட்டில் காற்று

கருவியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதில் இன்றைக்கு நீங்கள்தான் கெட்டிக்காரர்கள். உங்கள் இயந்திரம் மலை உச்சியில் தானாகவே காற்றை இழுத்து, தானாகவே அளந்து, நீங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் எண்ணை மதுரைக்கு அனுப்பிவிடுகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் எண் கொஞ்சம் எகிறியதும், "மேல கருவியைப் பாத்துக்கிற ஆள் சரியில்ல" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினீர்களே, அதைப் போன வாரம் என் இரண்டு காதாலும் கேட்டேன். வயதானவள் வாயை மூடிக்கொண்டு போகலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அதனால் இந்தக் கதையைக் கேட்டுத்தான் தீர வேண்டும்.

எழுபதுகளின் கடைசி அது. மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த வருடங்கள். நம் ஆய்வகம் அப்போது ஆரப்பாளையத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே விறகடுப்பு வைத்த பரோட்டாக் கடை. கரியமில வாயுவை அளக்கிற ஆபீசுக்கு அடியிலேயே கரியும் புகையும் என்று எங்களைக் கேலி பேசாத ஆள் கிடையாது. அளக்கிற கருவி அந்த மாடியில்தான், அளந்தது நான். காற்று மட்டும் மலையிலிருந்து வரும்.

பேரையூருக்கு மேற்கே மலை மேல் நம் நிலையம். அடிவாரத்துச் சிற்றூர் வரை பஸ். அதற்கு மேல் அரை நாள் ஏற்றம். இரண்டு அறை, ஒரு காற்றாடிக் கம்பம், பக்கத்தில் வனக் காவலரின் குடித்தனம், அவ்வளவே. ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சி வெறுமையாக்கிய கண்ணாடிக் குடுவைகளை மேலே அனுப்புவோம். எல்லோரும் பாட்டில் என்றுதான் சொல்வோம். மேலே இருப்பவர் முகட்டுக்குப் போய், காற்றுக்கு எதிர்முகமாக நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கித் திருகைத் திறக்க வேண்டும். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும். மூடிவிட்டு எட்டிப் போய்த்தான் மூச்சு விடலாம். நாம் விடும் மூச்சில் வெளிக்காற்றைப் போல நூறு மடங்கு கரியமில வாயு இருக்கிறது. துளி உள்ளே போனாலும் பாட்டில் பாழ்.

அதனால்தான் எப்போதும் ஜோடியாக எடுப்பது. இரண்டும் ஒரே எண் காட்டினால் நம்பலாம். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் இரண்டையும் தள்ளிவிட வேண்டும். "ஒத்தப் பாட்டில் சாட்சிக்கு ஆகாது" என்பது எங்கள் தலைவரின் வேதவாக்கு. நேர்மையான மனிதர், சர்க்கரை வியாதிக்காரர், முன்கோபி. தன் கையால் எடுத்த பாட்டிலில் ஒன்று உடைந்தபோது மிச்சம் இருந்த ஒன்றையும் கணக்கில் சேர்க்காதவர். விதி என்றால் அவருக்கு விதிதான்.

மேலே இருந்தவன் தவசி. பேரையூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பம். பி.எஸ்சி. இயற்பியல். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்த முதல் ஆள். தகுதிகாண் காலம் முடிந்து நிரந்தர உத்தரவு வரவேண்டிய நேரம். அந்த நேரம் பார்த்து அவன் அனுப்பிய பாட்டில்கள் எகிறின.

எல்லாம் எகிறியிருந்தால் கருவியைச் சந்தேகித்திருப்போம். சில வாரம் ஒழுங்காக இருக்கும், சில வாரம் ஏறும். ஆனால் ஜோடி ஜோடியாக ஏறும். "மூச்சு பட்டிருந்தா ரெண்டும் ஒண்ணு போலவா சார் ஏறும்?" என்று தலைவரிடம் கேட்டேன். அவர் தயாராக வைத்திருந்தார் பதிலை. "ரூமுக்குள்ள அடுப்புப் பக்கத்துல உக்காந்து ரெண்டையும் திறந்தா ஒண்ணு போலத்தாம்மா ஏறும்."

போதாததற்கு, ஏறிய வாரங்கள் எல்லாம் கீழே ஊர்களில் பங்குனிப் பொங்கலோ சாமி கும்பிடோ நெருங்கும் வாரங்களாக இருந்தன. தலைவர் முடிவுக்கே வந்துவிட்டார். பையனுக்குத் திருவிழா நினைப்பு. முகட்டுக்குப் போக அலுப்புப்பட்டு, உள்ளேயே திறந்து மூடிவிட்டு ஊருக்கு இறங்கிவிடுகிறான். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள். பொருத்தமான காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் தேடமாட்டார்கள்.

மெமோ போனது. ஏன் விதிப்படி மாதிரி எடுக்கவில்லை, ஒரு மாதக் கெடுவுக்குள் விளக்கம் தருக, தவறினால் பணிநீக்கம். தவசியிடமிருந்து ஒரே வரியில் பதில்: "நான் முகட்டில்தான் எடுத்தேன்." அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேலை போகப்போகிறது, இவன் வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறான்? தலைவரிடம் போய், "நானே மேல போய் அவன் பக்கத்துல நின்னு எடுத்துட்டு வாரேன் சார். ரெண்டு பேர் பாட்டிலும் ஒத்துப்போச்சுன்னா அவன் மேல தப்பில்லைன்னு ஒத்துக்கணும்" என்றேன். ஒப்புக்கொண்டார்.

வீட்டில்தான் பூகம்பம். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார், தடுக்கவில்லை. அம்மா பிடித்துக்கொண்டாள். "அம்புட்டுப் பெரிய ஆபீசுல மலை ஏற ஒரு ஆம்பளை கூடவா இல்ல? நீ என்னத்துக்குடி போற?" வனக் காவலரின் மனைவியோடு தங்கிக்கொள்வேன் என்று சத்தியம் பண்ணிய பிறகே விட்டாள்.

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை வெயில் ஏறியதும் தவசியும் நானும் முகட்டில் நின்றோம். காற்று கிழக்கிலிருந்து, சமவெளிப் பக்கமிருந்து மேலே ஏறி வந்தது. அவன் இரண்டு, நான் இரண்டு. தோளோடு தோள் நின்று ஒரே நேரத்தில் திறந்தோம். அவன் எடுத்த விதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. என்னைவிட நன்றாக மூச்சுப் பிடித்தான்.

எட்ட வந்து மூச்சை இழுத்தபோதுதான் மூக்கில் ஏறியது. புளித்த வெல்லத்தின் நெடி. கீழே பார்த்தேன். சமவெளிப் பக்கத்து ஓடைப் பள்ளத்தில் மரங்களுக்கு நடுவே மெல்லிய புகை எழும்பியது.

"அது என்ன புகை தவசி?"

"தெரியலக்கா. கரி கிரி சுடுறாங்களோ என்னமோ."

"கரி சுட்டா வெல்ல வாசமா அடிக்கும்? யாருகிட்ட காது குத்துற?"

எனக்கு விளங்கிவிட்டது. சாராய ஊறல். பானை பானையாக வெல்லமும் வேலம்பட்டையும் ஊறி நுரைக்கும்போது கிளம்புவது என்ன? கரியமில வாயு. காய்ச்சுகிற அடுப்பிலிருந்து கிளம்புவதும் அதேதான். திருவிழா நெருங்கினால் ஊரில் கேட்பார் அதிகம், பள்ளத்தில் பானையும் அதிகம். தலைவர் கண்டுபிடித்த திருவிழாக் கணக்கு சரிதான். ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்.

"அட கிறுக்கா, இதை மெமோவுல எழுதித் தொலைச்சிருந்தா முடிஞ்சுபோயிருக்குமே!" என்று கத்தினேன்.

"எழுதலாம்க்கா. அது ஆபீஸ் காயிதம். சார் விதின்னா விதிங்கிற ஆளு. கவர்மென்ட் ஆபீசுக்கு ஒரு குத்தம் தெரிஞ்சா போலீசுக்குச் சொல்லணும்னு மறுநாளே அனுப்பிருவாரு. அனுப்ப மாட்டாருன்னு நீங்க சொல்வீகளா?"

உடைந்த ஜோடியின் மிச்சப் பாட்டிலையும் தள்ளியவர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

"நீங்க இன்னைக்கு மதுரைக்கு இறங்கிருவீக. நான் அந்த ஊருக்குள்ள புகுந்துதான் ஏறணும், இறங்கணும், ஒத்தையில. போன வருசம் போலீசுக்குச் சொல்லிட்டான்னு ஒருத்தனைப் பாதையிலேயே மறிச்சு ரெண்டு கையையும் ஒடிச்சுப் போட்டாங்க. அவன் சொல்லவே இல்லைக்கா. சொன்னான்னு நெனச்சாங்க, அம்புட்டுத்தான்." பாட்டில்களுக்கு வைக்கோல் சுற்றினான். "வேலை போனா வேற தேடிக்கலாம்க்கா."

அந்தக் கடைசி வார்த்தையை அவனே நம்பவில்லை. குரல் கம்மியது.

உங்களுக்குச் சந்தேகம் வரும், குற்றம் என்று தெரிந்தும் மறைக்கலாமா என்று. எனக்கும் வந்தது. மதுவுக்கு எதிராகச் சபையில் ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் சாராயம் பிடிக்க அரசாங்கம் தனியாக ஆள் வைத்திருந்தது. அவர்களுக்கு ஜீப்பும் லத்தியும் துணைக்கு நாலு பேரும் உண்டு. தவசியிடம் இருந்தது ஒரு குடையும் ரப்பர் செருப்பும். எவ்வளவு யோசித்தும் இதற்கு மேல் எனக்கு நியாயம் பிடிபடவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

பாட்டில் பெட்டியை வனக் காவலர் அடிவாரம் வரை சுமந்து வந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தச் சிற்றூர் ஆட்கள்தான் பாதி பஸ். கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. மதுவிலக்குச் சோதனை. எஸ்.ஐ. ஒருவரும் ஏட்டு ஒருவரும் ஏறினார்கள்.

"பெட்டியில என்னம்மா?"

"பாட்டில் சார்."

சொன்ன பிறகுதான் என் வாய் எனக்கே எதிரி என்று உணர்ந்தேன். வைக்கோலை விலக்கினார் எஸ்.ஐ. திருகு வைத்த நாலு கண்ணாடிப் பாட்டில்கள். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள், "அடியாத்தி! படிச்ச புள்ள மாதிரி இருந்துக்கிட்டு இந்த வேலை பாக்குதே!" என்றாள். பஸ் முழுக்க எழும்பி நின்று பார்த்தது.

"உள்ள என்ன?"

"காத்து."

"என்னம்மா, வெளையாடுறீங்களா?"

அடையாளச் சீட்டைக் காட்டினேன். ஆய்வு, கரியமில வாயு, மலை நிலையம் என்று எல்லாம் சொன்னேன். எஸ்.ஐ. நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார். ஆனாலும் மோந்து பார்க்காமல் விடமுடியாது என்றார். திறந்தால் அளக்க முடியாது, ஒருத்தர் வேலையே இதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு நியாயமாக ஒரு வழி சொன்னார்.

"சரிம்மா. பெட்டிக்கு சீல் வச்சு ஏட்டைக் கூட அனுப்புறேன். மதுரையில உங்க ஆபீசுல போயி அளந்து முடிங்க. அப்புறம் அவரு மோந்து பாத்துட்டு வரட்டும்."

எவ்வளவு அருமையான யோசனை! நாலு பாட்டிலும் பத்திரம், தவசியின் வேலையும் பத்திரம். "சரி சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எதிர் சீட்டில் இருந்த இரண்டு ஆட்களைப் பார்த்தேன். அடிவாரத்தில் ஏறியவர்கள். மற்றவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், இவர்கள் என்னைப் பார்த்தார்கள். மலை மேலிருந்து ஆபீஸ் பெட்டி ஒன்று இறங்குகிறது. போலீஸ் அதற்கு சீல் வைத்து, காவலுக்கு ஏட்டையும் போட்டு மதுரைக்குக் கொண்டுபோகிறது. விளக்கு வைப்பதற்குள் ஊருக்குச் செய்தி போய்விடும். காற்று என்று யார் நம்பப் போகிறார்கள்? பள்ளத்துச் சரக்கை நிலையத்துக்காரன் பிடித்துக் கொடுத்துவிட்டான் என்றுதான் பேச்சு ஓடும். தவசி அடுத்த தடவை அந்தப் பாதையில் இறங்கும்போது நான் மதுரையில் மின்விசிறிக்குக் கீழே இருப்பேன்.

"ஏட்டெல்லாம் வேண்டாம் சார். இங்கேயே, எல்லாரும் பாக்கத் திறக்கிறேன். ஒண்ணு போதும்ல?" என்றேன்.

"இப்பத்தானே திறக்கக்கூடாதுன்னீங்க?"

"ஒண்ணு போனாப் போகுது."

என் ஜோடியிலிருந்து ஒன்றை எடுத்துத் திருகைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். மோந்தார். மறுபடியும் மோந்தார். ஏட்டிடம் கொடுத்தார், அவரும் மோந்தார். பிறகு நானே பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து அந்த இரண்டு ஆட்களின் பக்கமாக நீட்டிக் காட்டினேன். சொட்டு விழவில்லை.

"வெறும் பாட்டிலுக்கா இம்புட்டு வைக்கோலு!" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது.

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு பிடிக்கவில்லை. இறங்கப் போனவர் திரும்பி நின்று, "மலையில இருந்துதானே வாரீங்க? புகை ஏதும் கண்ணுல பட்டுச்சா?" என்றார். சிரிப்பு சட்டென்று நின்றது. எதிர் சீட்டு ஆட்கள் வெளியே வேடிக்கை பார்ப்பது போல இருந்தார்கள்.

பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "சார், நான் போனது காத்துப் பிடிக்க. ஆள் பிடிக்க நீங்க இருக்கீகளே!"

மறுபடி பஸ் சிரித்தது. இந்தத் தடவை அவரும் சிரித்துவிட்டு இறங்கினார். எதிர் சீட்டு ஆள் ஒருவர் தன் காலை மடக்கி, பெட்டியை நான் வசதியாக வைத்துக்கொள்ள இடம் விட்டார்.

மதுரையில் மிச்சம் மூன்றையும் அளந்தேன். தவசியின் இரண்டும் என்னுடைய ஒன்றும் அச்சு அசலாக ஒரே எண். மூன்றுமே உயரம். துள்ளிக்கொண்டு தலைவரிடம் ஓடினேன்.

"உன்னோட இன்னொண்ணு எங்கம்மா?"

நடந்ததைச் சொன்னேன். பள்ளத்துப் புகையை மட்டும் சொல்லவில்லை. ஏட்டை அனுப்புவதாக எஸ்.ஐ. சொன்னதை மறைக்கத் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அந்த மனுசன் அவ்வளவு நல்ல வழி சொல்லியிருக்காரு. அதை வேண்டாம்னு சொல்லி ஜோடியக் கெடுத்துட்டு வந்து நிக்கிற! ஏன்?"

"பயந்துட்டேன் சார்."

"பொம்பளப் பிள்ளைய அனுப்புனது என் தப்பு" என்றார். அறையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு அவமானத்தில் காது கொதித்தது. காரணத்தைச் சொன்னால் என் மானம் மிஞ்சும், சொல்லாவிட்டால் தவசியின் கை கால் மிஞ்சும். கண்ணில் தண்ணீர் முட்டியதுதான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒத்தப் பாட்டில் சாட்சிக்கு ஆகாது. மெமோ மெமோவாகவே நின்றது.

ஆனால் மனிதர் தூங்கவில்லை போலிருக்கிறது. மறுநாள் வந்ததும் என் மேசைக்கு முன்னால் நின்று, "அந்த மூணு எண்ணும் ஒத்துப்போறது என்னைத் தின்னுதும்மா. கெடு முடியறதுக்குள்ள நானே ஏறிப் பாக்குறேன்" என்றார். சர்க்கரை மாத்திரை, பிஸ்கட் பொட்டலம், முட்டிக்குக் கட்டுத்துணி, ஒரு ஜோடி பாட்டில். அந்த வயதில் அந்த உடம்போடு அந்த மலையை ஏறினார். முன்கோபியாக இருந்தாலும் அடுத்தவரைச் சந்தேகிப்பதை விட்டுத் தன் முடிவைச் சந்தேகிக்கத் தெரிந்தவர். அதற்காகவே அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

திரும்பி வந்தவர் நேரே கருவி அறைக்குப் போனார். அவர் எடுத்த ஜோடி எங்கள் மூன்றையும்விடக் கூடுதலாகவே காட்டியது. கீழே ஏதோ ஒரு ஊரில் சாமி கும்பிடு நெருங்கியிருக்கும். தன் அறைக்குப் போய் என்னைக் கூப்பிட்டார். மேசையில் தவசியின் நிரந்தர உத்தரவு, கையெழுத்துப் போட்ட ஈரம் காயாமல் இருந்தது.

"இனிமே கிழக்குக் காத்து ஏறும்போது பாட்டில் திறக்க வேண்டாம். விடியுறப்ப, மேற்கேயிருந்து காத்து இறங்கும்போது எடுக்கச் சொல்லு. பழசுல கிழக்குக் காத்துல எடுத்ததை எல்லாம் தனியா ஒதுக்கிரு. நம்ம அளக்கிறது உலகத்துக் காத்து, ஊர்க் காத்து இல்ல" என்றார்.

"காரணம்னு என்ன எழுதட்டும் சார்?"

"பக்கத்துல ஏதோ ஒண்ணு எரியுதுன்னு எழுது."

"என்ன எரியுதுன்னு மேலிடத்துல கேட்டா?"

"கருவிக்கு மூக்கு கிடையாதுன்னு சொல்லு."

அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் முட்டிக் கட்டை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். முகட்டில் நின்று அவரும் மூச்சை இழுத்திருக்கிறார். அடிவாரத்து ஊருக்குள் புகுந்து அவரும் நடந்திருக்கிறார். நான் வாசல் வரை போனபோது கூப்பிட்டார்.

"அன்னைக்கு பஸ்ல நான் இருந்திருந்தா நாலு பாட்டிலையும் பத்திரமாக் கொண்டு வந்திருப்பேன்மா" என்றார். "அந்தப் பையனத்தான் தொலைச்சிருப்பேன்."